காவியா பார்க்கும் பக்கம்

மஸ்கட்,
4.9.2005

அக்கா,

கோபமாகத்தான் இருப்பாய். இருந்துகொள், எனக்கும் இன்னும் ஆறவில்லை. ஆனால் அதை இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுக்கும் தங்கதுரை அண்ணனிடம் காட்டாதே. திட்டக்குடிக்காரர். என் வீட்டுக்காரர் குருமூர்த்தியோடு சோஹார் துறைமுக வேலையில் இருக்கிறவர். தன் வேட்டிக்குள் சுற்றி, மேலே போர்வையும் போட்டு எடுத்து வருகிறார். ஒரு டம்ளர் காப்பியாவது கொடு.

போன மாதம் போனில் நடந்ததை எழுதிவிடுகிறேன், மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. "காவியா, அம்மா பேசுறேன்டி" என்றேன். அவள் ரிசீவரைக் கீழே போட்டுவிட்டு, "அம்மா, தூக்கு" என்று உன்னிடம் ஓடியது எனக்கு இங்கே கேட்டது. நீயும் தூக்கிக்கொண்டாய். "அவள அப்படிக் கூப்புட வுடாத, நீ பெரியம்மா" என்று நான் கத்தினேன். நீ பட்டென்று போனை வைத்தாய். அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் மாமாதான் எடுக்கிறார், "அவ கம்பெனிக்குப் போயிருக்குறா" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கம்பெனி அக்கா திறந்திருக்கிறது?

சரி, பேச வேண்டாம். படம் அனுப்பு. நான் விட்டுவிட்டு வந்தபோது காவியா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது மூன்று வயது ஆகப் போகிறது, பெற்றவளுக்கு அவள் எப்படி ஓடுவாள் என்று தெரியாது. நீ முன்னே அனுப்பிய ஸ்டுடியோ படத்தில் பவுடரை அப்பிக்கொண்டு, பிளாஸ்டிக் பூவுக்குப் பக்கத்தில், அழுது முடித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அது மாதிரி வேண்டாம். அவள் சாப்பிடுவதும் தெருவில் நிற்பதும் தூங்குவதும் வேண்டும்.

உள்ளே இருப்பது டிஜிட்டல் கேமரா. பிலிம் கிடையாது, தீர்ந்துபோகுமே என்று பயப்படாதே. என் அறைத்தோழி, பிலிப்பைன்ஸ் பெண், எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மேலே இருக்கும் பொத்தானைப் பாதி அழுத்தினால் பின்னாலிருக்கும் சின்னக் கண்ணாடியில் பச்சைக் கட்டம் வரும். அப்புறம் மீதியை அழுத்து. கை ஆடக் கூடாது, மூச்சைப் பிடித்துக்கொள். வெளிச்சம் இருக்கிற பக்கமாகப் பிள்ளையை வைத்து எடு. படமெல்லாம் உள்ளே ஒரு கார்டில் இருக்கும், அதைக் கழற்றி ஸ்டுடியோவில் கொடுத்தால் பிரிண்டு போட்டுத் தருவார்கள்.

அவள் முகம் எனக்குக் கரைந்துகொண்டே வருகிறது அக்கா. நான் நர்ஸ் வேலை பார்க்கும் வார்டில் எந்தக் குழந்தை அழுதாலும் அவள்தான் என்று திரும்பிப் பார்க்கிறேன்.

சங்கரி


விருத்தாசலம்,
2.10.2005

சங்கரிக்கு,

தங்கதுரைக்குக் காப்பி மட்டுமில்லை, தோசையும் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். மனுஷன் பெட்டியை என் கையில் வைத்துவிட்டு, "பத்தரமா கொண்டாந்துட்டேம்மா, இனிமே எனக்குப் பொறுப்பில்ல" என்று பெருமூச்சு விட்டார். கேமராவில் முதல் படமாக அவரைத்தான் எடுத்திருக்க வேண்டும்.

போன் விஷயம். நான் வைத்தது தப்பு என்று எழுத மாட்டேன். இன்னொரு தடவை நீ அப்படிக் கத்தினால் இன்னொரு தடவை வைப்பேன். அம்மா என்று கூப்பிட நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பக்கத்து வீட்டு திரௌபதியின் பிள்ளைகள் அவளை அப்படிக் கூப்பிடுவதைப் பார்த்து, சோறு ஊட்டுகிறவளுக்கு அதுதான் பேர் என்று இவளாக முடிவு கட்டிக்கொண்டாள். பேசத் தெரியாத பிள்ளை முதன்முதலாக ஒன்று சொல்கிறது, வாயைப் பொத்துவேனா?

கேமராவுக்கு வருகிறேன். ஒரு வாரம் பீரோவுக்குள்ளேயே வைத்திருந்தேன். அப்புறம் மாமா, "பூஜ பண்றதுக்கா அனுப்பி வச்சா?" என்று கேட்டதும் எடுத்தேன். மூச்சைப் பிடிக்க எனக்குப் பாடம் வேண்டாம் சங்கரி. நாள் முழுக்கக் கம்பெனியில் பீங்கான் பொம்மைக்குக் கண் எழுதுகிறவள் நான், கை ஆடினால் கிருஷ்ணனுக்கு மாறுகண் வந்துவிடும். பச்சைக் கட்டம் வரும் வரை காத்திருப்பதும் பிடித்துப்போயிற்று. அந்தச் சின்னக் கண்ணாடியில் நம் தெரு யாரோ கனவில் பார்த்த தெரு மாதிரி இருக்கிறது. சத்தம் இல்லை, தூசி இல்லை. கரும்பு லோடு டிராக்டர் கூட அதில் மெதுவாகப் போகிறது. இவள் நடுவில் நிற்கிறாள், நான் அழுத்த மறந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

நீ சொன்னபடி வெளிச்சம் இருக்கிற பக்கமாகவே வைத்தேன், சன்னலுக்கு முன்னால், கதவுக்கு முன்னால். பளிச்சென்று ஒரு லைட்டு அடிக்கிறதே, அதற்குப் பிள்ளை திடுக்கிடுகிறாள். அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். கண்ணாடியில் படமெல்லாம் கருக்கலாகத்தான் தெரிகிறது. நான் அதற்குக் கவலைப்படவில்லை. பொம்மைக்கு நீலம் பூசும்போது அது என்ன நிறத்தில் இருக்கும் என்று உனக்குத் தெரியாதா, அடுப்புக்கரி மாதிரி. சூளைக்குப் போய் வந்தால்தானே மயில் கழுத்தாகிறது. கோவிந்தராசு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் மெஷின் இறக்கியிருக்கிறார்கள், அதில் போய் வந்தால் நிறம் ஏறிவிடும்.

கார்த்திகைக்கு விளக்கு ஆர்டர் வந்திருப்பதால் கம்பெனியில் எங்களை நகர விடவில்லை. இந்தக் கடிதத்தையும் உன் விலாசம் எழுதின கவரையும் கோவிந்தராசுவிடமே கொடுத்து, படத்தைப் போட்டு ஒட்டித் தபாலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். என் கண்ணில் படுவதற்கு முன்னால் நீ பார்ப்பாய்.

அம்சவல்லி


மஸ்கட்,
23.10.2005

அக்கா,

கவரை டியூட்டி முடியும் வரை பையிலேயே வைத்திருந்தேன். அவசரமாகப் பிரித்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று, ஹாஸ்டலுக்கு வந்து, முகம் கழுவி, கட்டிலில் உட்கார்ந்து பிரித்தேன்.

ஒன்றில் சன்னல் கம்பி பளபளவென்று இருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு கறுப்பு உருவம். ஒன்றில் வாசலுக்கு அந்தப் பக்கம் வெயில், வாசலில் ஒரு நிழல். இன்னொன்றில் ஒரு கொலுசு மட்டும். வேறொன்றில் இரண்டு பல், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கூடத் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் சன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன், இருட்டுக்குப் பின்னால் அவள் நிற்கிற மாதிரியும் நான் சரியாகச் சாய்த்தால் வெளியே வந்துவிடுகிற மாதிரியும். அறைத்தோழி என் தோளைத் தட்டி, "போதும்" என்றாள்.

உன் கடிதத்தில் சூளை, நிறம் என்று என்னென்னவோ எழுதியிருக்கிறாய். நானும் அந்த ஊரில் பிறந்தவள்தான், என்னிடமே அளக்காதே. ஒரு படத்திலாவது முகம் தெரியாமல் போகுமா? அவள் முகத்தை எனக்குக் காட்ட உனக்கு மனசு வரவில்லை. அவள் உன்னை அம்மா என்கிறாள், சங்கரிக்கு எதற்கு முகம் என்று நினைத்துவிட்டாய். ஊரில் இருந்திருந்தால் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், உன் மேல் சாமியிடம் பிராது எழுதிக் கட்டியிருப்பேன்.

நான் அவளை உனக்குக் கொடுத்துவிட்டு வரவில்லை அக்கா. பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

சங்கரி


விருத்தாசலம்,
14.11.2005

சங்கரி,

நீ எழுதினதைப் படித்துவிட்டு நேராகக் கோவிந்தராசு கடைக்குப் போனேன். மழை கொட்டுகிறது, குடை கூட எடுக்கவில்லை. "ஏங்க, புள்ள படத்த சரியா வேக வைக்காம குடுத்துட்டீங்களே" என்று சண்டைக்கு நின்றேன். அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேவுறதுக்கு அது என்னா இட்லியாம்மா? அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க, நான் சும்மா தமாசுக்குன்னு நெனச்சிட்டேன். நீங்க கண்ணாடியில பாக்குறது எதுவோ அதுதான் படம். இருட்டா எடுத்தா இருட்டாதான் வரும்."

அப்புறம் மெஷினில் அந்தப் படங்களைப் போட்டுக் காட்டினார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டேன். இதையா நீ ஆசை ஆசையாகப் பிரித்திருப்பாய் என்று நினைத்து, எல்லாவற்றையும் மறுபடி ஒரு தடவை போடச் சொன்னேன். வெளிச்சம் பிள்ளைக்குப் பின்னால் இருக்கக் கூடாதாம். என் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டுமாம், அப்போதுதான் அவள் முகத்தில் விழுமாம். வெளிச்சம் இருக்கிற பக்கம் என்று நீ எழுதினதை நான் தலைகீழாகச் செய்து வைத்திருக்கிறேன். நிறம் பிறகு வரும் என்று நம்பினது என் புத்தி. இத்தனை வருஷம் கரியைப் பூசி நீலத்தை எடுக்கிறவளுக்கு வேறு எப்படித் தோன்றும், நீயே சொல்.

பிராது கட்டு. நானே உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஆனால் நான் முகத்தை மறைத்தேன் என்று எழுதினாய் பார், அதற்குச் சாமி உன்னைத்தான் விசாரிக்கும். காவியா எங்கள் கம்பெனி வெள்ளைக் களிமண்ணைத் தின்பாள், தெரியுமா? சாக்பீஸ் மாதிரி கடித்துக்கொண்டிருப்பாள், விரலை விட்டு எடுத்தால் என் விரலையும் கடிப்பாள். பஸ் ஹாரன் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ரசம் பிடிக்கும், ரசத்தில் கிடக்கும் தக்காளி பிடிக்காது. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. நீ கேட்கவில்லை. அம்மா என்று யாரைக் கூப்பிடுகிறாள் என்பது ஒன்றைத்தான் கேட்டாய்.

பிளாஸ்திரியைக் கிழித்துவிட்டேன். மழை விட்ட மூன்று சாயங்காலங்கள் அவளைத் தெருவுக்கும் ஆற்றங்கரைக்கும் கூட்டிப்போய், சூரியனை என் முதுகில் வாங்கிக்கொண்டு எடுத்தேன். இந்தத் தடவை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கவரில் போட்டிருக்கிறேன். பேட்டரிதான் சீக்கிரம் செத்துப்போகிறது, கேமரா அதைத் தின்கிறதா என்று மாமா கேட்கிறார்.

அம்சவல்லி


மஸ்கட்,
9.12.2005

அக்கா,

நான் எழுதினதற்காக என்னைத் திட்டு, அல்லது திட்டாதே, எனக்கு இப்போது எதுவும் உறைக்காது. கட்டில் முழுக்க அவள்தான் இருக்கிறாள். தலையணை மேல் ஒன்று, சன்னல் ஓரத்தில் ஒன்று, படுத்தால் கண்ணுக்கு நேரே தெரிகிற மாதிரி அலமாரியில் மூன்று. இங்கே சன்னலுக்கு வெளியே பழுப்பு நிற மலை ஒன்று இருக்கிறது, ஒரு செடி கிடையாது. அதைப் பார்த்துவிட்டு இந்தப் படங்களுக்குத் திரும்பினால், ஆற்று மணலும் ஈர வேப்பமரமும் அவள் மஞ்சள் சட்டையும் அறைக்குள்ளேயே ஊறி வருகிற மாதிரி இருக்கிறது.

அவள் ஓடும் படம் ஒன்று கலங்கிப் போயிருக்கிறது, முகமே இல்லை, ஒரு மஞ்சள் கோடுதான். கோவிந்தராசு அதைத் தூக்கிப் போடச் சொல்லியிருப்பார். நல்லவேளை நீ கேட்கவில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விடப் பிடித்திருக்கிறது. ஓடுவது எப்படி என்றுதானே கேட்டேன், இப்படித்தான் ஓடுகிறாள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிரமமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். படிக்கட்டில் உட்கார்ந்து வாயைக் கொஞ்சம் திறந்து நேரே பார்க்கிறாளே, அந்தப் படம். அந்தக் கண்ணில் எதையோ கண்டுபிடித்த சந்தோஷம் இருக்கிறது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் என்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து, டியூட்டிக்குப் போகும்போது கூடச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு எடுத்துப் பார்ப்பேன். நேற்று கேன்டீனில் சாப்பிடும்போது திடீரென்று உறைத்தது. கேமராவுக்குப் பின்னால் நான் இல்லையே. அவள் பார்க்கிறது உன்னை.

நீ ஒரு படத்திலும் இல்லை அக்கா. ஆனால் எல்லாப் படத்திலும் அவள் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. வேறு நல்ல வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

இன்னும் அனுப்பு.

சங்கரி


விருத்தாசலம்,
20.1.2006

சங்கரிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பொங்கல் என்று சாக்குச் சொல்லலாம், அது நிஜமில்லை.

உன் கடிதத்தைக் கம்பெனியில், பொம்மை அச்சுகளை வெயிலில் காய வைக்கும் இடத்தில் உட்கார்ந்து படித்தேன். அவள் பார்க்கிறது உன்னை என்று நீ எழுதியிருந்த இடம் வந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் மறைக்க மாட்டேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. கூட வேலை செய்யும் ராஜாம்பாள் அக்கா, "என்னாடி, லாட்டரி வுழுந்துதா?" என்று கேட்கிற அளவுக்கு முகத்தில் தெரிந்திருக்கிறது. அப்புறம் நீ கேன்டீனில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததை நினைத்தேன். சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. எனக்குப் பிள்ளை இல்லை, உனக்குப் பிள்ளை பக்கத்தில் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒருத்தி மண்ணைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

யோசித்து ஒன்று செய்தேன். கேமரா வாரை அவள் கழுத்திலேயே மாட்டிவிட்டேன். போட்டு உடைத்தால் உடைக்கட்டும். பாதி அழுத்துவதெல்லாம் அவளுக்குத் தெரியாது, குத்துகிற மாதிரி ஒரே அழுத்துதான். என்னென்ன எடுத்திருக்கிறாள் என்று நீயே பார். ஆட்டுக்குட்டியின் காது, மாமாவின் மீசையில் ஒரு பக்கம், என் முழங்கால், மறுபடி என் முழங்கால், தரையில் கிடக்கும் வெயில். அந்த வெயிலை மட்டும் நிறைய எடுத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, உட்கார்ந்து உட்கார்ந்து எடுக்கிறாள்.

"யாருக்குடி எடுக்குற?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு."

"எந்த அம்மாவுக்கு?"

"பொட்டிக்குள்ள இருக்குற அம்மாவுக்கு" என்று கேமராவைத் தட்டிக் காட்டினாள். படம் உனக்குப் போகிறது என்று நான் தினமும் சொல்லிக்கொண்டிருந்ததை இவள் இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறாள். நீ அதற்குள்ளே குடியிருக்கிறாயாம், அவள் அழுத்தும்போது கண்ணைத் திறந்து பார்க்கிறாயாம். மத்தியானம் தூங்கும்போது கேமராவின் மேல் தன் துண்டைப் போர்த்தி வைக்கிறாள். நான் திருத்தவில்லை. திருத்தி வேறு என்ன சொல்வது?

அம்சவல்லி


மஸ்கட்,
15.2.2006

அக்கா,

எனக்குத் துண்டு போர்த்துகிறாள் என்று படித்துவிட்டு அன்று முழுக்கப் பறந்துகொண்டிருந்தேன். அவள் எடுத்த படங்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒட்டி வைத்திருக்கிறேன். அவள் உயரத்தில் நின்று நம் வீட்டைப் பார்க்கிறேன். எல்லோரும் முழங்காலோடு முடிந்துபோகிறார்கள், கட்டிலுக்கு அடியில் ஒரு பெரிய ஊர் இருக்கிறது, தரையில் வெயில் குளம் மாதிரி தேங்கியிருக்கிறது. அதற்குள் இறங்கி நடந்து போகிற மாதிரி ஒரு நாள் கனவு கூட வந்தது.

இப்போது விஷயம். குருமூர்த்திக்குச் சூப்பர்வைசர் வேலை கொடுத்திருக்கிறார்கள், மஸ்கட்டிலேயே. குடும்ப விசாவும் வந்துவிட்டது. கடலுக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு பார்த்திருக்கிறோம். ஏப்ரலில் எனக்கு லீவு. நான் வந்து காவியாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

இதை எழுதும்போது குதிக்க வேண்டும், ஆனால் பயமாக இருக்கிறது. ஜங்ஷனில் ரயிலை விட்டு நான் இறங்கும்போது அவள் ஓடி உன் பின்னால் ஒளிந்துகொண்டால் என்ன செய்வேன்? உன் புடவையைப் பிடித்துக்கொண்டு என்னை யாரோ மாதிரிப் பார்த்தால்? பொட்டிக்குள் இருப்பவளைப் பிடிக்கும், எதிரில் வந்து நிற்கிறவளைப் பிடிக்குமா? ஆஸ்பத்திரியில் யார் யாரோ என்னை சிஸ்டர் என்கிறார்கள். ஒருத்தி என்னை அம்மா என்று கூப்பிட வேண்டும் அக்கா. அவள் ஒருத்தி. உன்னை அப்படிக் கூப்பிடும் வரைக்கும் என்னைக் கூப்பிட மாட்டாள்.

எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் போன தடவை கத்தினேன். இந்தத் தடவை கெஞ்சிக் கேட்கிறேன்.

சங்கரி


விருத்தாசலம்,
22.3.2006

சங்கரிக்கு,

மாசி மகத்தன்று ஆரம்பித்தேன். கூட்டத்தில் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டு, திரும்பி வந்து திருவிழாக் கடையில் வேட்டைப் பொரி வாங்கிக் கொடுத்து, "இனிமே என்ன பெரியம்மான்னு கூப்புடணும்" என்றேன்.

"ஏன்?"

"ஒங்கம்மா வரப் போறாங்க. அவங்கதான் அம்மா."

"அப்ப நீ?"

"பெரியம்மா."

பொரியைத் தின்றுகொண்டே தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, "அம்மா, தண்ணி" என்றாள்.

சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. அப்புறம் வேறு வழி எடுத்தேன். அம்மா என்று கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை. துணி மடித்துக்கொண்டே இருப்பேன், அரிசி களைந்துகொண்டே இருப்பேன். அவள் மறுபடி மறுபடி கூப்பிடுவாள். குரலை உயர்த்துவாள். என் முந்தானையை இழுத்துப் பார்ப்பாள். என் முகத்தைப் பார்க்க முன்னால் வந்து நிற்பாள், நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். கடைசியில் மெதுவாக, "பெரிம்மா" என்பாள். அப்போதுதான் அள்ளித் தூக்குவேன். மாமா ஒரு நாள் பொறுக்க முடியாமல், "புள்ளய ஏன்டி இப்புடி அலைய வுடுற, ஒனக்கு ஈரமே இல்லியா?" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு இருக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை.

இப்போது பழகிவிட்டாள். காலையில் கண் விழித்ததும் பெரிம்மா, கம்பெனி வாசலில் என்னைப் பார்த்ததும் பெரிம்மா. திரௌபதியிடம் கூட, "இவங்க எங்க பெரிம்மா" என்று என்னைக் காட்டிச் சொல்கிறாள். நீ கேமராவோடு தங்கதுரை மூலம் கொடுத்தனுப்பிய உன் படத்தைக் காட்டினால், அம்மா என்று தப்பில்லாமல் சொல்கிறாள். நீ வந்து நிற்கும்போது அதைத்தான் சொல்வாள். சொல்லாவிட்டால் என்னைக் கேள்.

அவள் என்னை அம்மா என்று கூப்பிடாத முதல் நாள் எனக்குச் சூளை அணைந்த கொட்டகை மாதிரி இருந்தது. இவ்வளவுதான் எழுதுவேன். நீ கேட்டதை எடுத்து வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள். ஒன்றே ஒன்று, கிளம்பும் அன்று யாரும் படம் எடுக்க வேண்டாம். அந்த முகத்தோடு நான் எந்தப் படத்திலும் இருக்க விரும்பவில்லை.

அம்சவல்லி


மஸ்கட்,
11.6.2006

அக்கா,

வந்து சேர்ந்ததைப் போனில் சொன்னேன். நீயும் நன்றாக இருக்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டாய். மற்றதைப் போனில் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன்.

காவியா நன்றாக இருக்கிறாள். ஜங்ஷனில் உனக்குக் கையாட்டிவிட்டு ஏறியவள், விமானத்தில் கூட அழவில்லை. மேகத்தைப் பார்த்து அரிசி மாவு என்றாள். இங்கே கடலைப் பார்த்துவிட்டு, ஆறு எங்கே முடியுது என்று கேட்டாள். காலையில் வீட்டுக்குள் வெயில் வந்ததும் கேமராவை எடுத்துக்கொண்டு அது நகரும் இடமெல்லாம் பின்னாலேயே போகிறாள். நானும் தரையில் உட்கார்ந்து அவளோடு போகிறேன். சில நாள் அப்படியே மத்தியானம் ஆகிவிடுகிறது, சமைக்கவே மறந்துபோகிறேன்.

என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். நீ சொல்லிக் கொடுத்தது வீண் போகவில்லை. பக்கத்து வீட்டு மலையாளப் பெண்ணிடம், "இது எங்க வூடு, இவங்க அம்மா" என்று காட்டினாள். முதல் தடவை ஜங்ஷனில் கூப்பிட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று நீ பார்த்தாய், நீதான் என் பெட்டியை வாங்கிக்கொண்டாய். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டாள். ஒவ்வொரு தடவையும் இன்னொரு தடவை கூப்பிட மாட்டாளா என்று இருந்தது.

நேற்று ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். தக்காளியை எடுத்துவிட்டுத்தான். சன்னலில் கடல் தெரிந்தது, நல்ல காற்று. வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டு, அழாமல், அடம் பிடிக்காமல், கடைக்குப் போன ஆளைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அம்மா, எங்கம்மா எப்ப வருவாங்க?"

நான் கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டு மறுபடி பிசைந்தேன். அக்கா, அம்மா என்பது அவளுக்குச் சங்கரி என்பது மாதிரி வெறும் என் பேர். நல்ல பிள்ளை, சொல்லிக் கொடுத்த பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவள் அம்மா வேறு ஒருத்தி, விருத்தாசலத்தில் இருக்கிறாள், கூப்பிட்டால் திரும்பாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள், ஆனாலும் வந்துவிடுவாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.

எனக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். வரவில்லை. குருமூர்த்தி வந்ததும் சொன்னேன். அவர் ஆபீசில் கேட்டுவிட்டார், நீ மூன்று மாதம் வந்து தங்க விசா எடுத்துவிடலாமாம். பாஸ்போர்ட்டுக்கு நாளைக்கே எழுதிப் போடு. கம்பெனியில் லீவு கேள், தராவிட்டால் மாமாவைப் போய்ப் பேசச் சொல். நீ வந்து, அவள் எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார். எனக்குச் சேர வேண்டியது நிதானமாக வரட்டும்.

"வருவாங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். பெரியம்மா என்று திருத்தவில்லை. அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தாள்.

சங்கரி